சல்லியில் மூன்று குச்சி

“...விக்கிறவங்கள் விக்கட்டும். ஆனா வெடி போட்ட மீனை எங்கட குசினிக்குள்ள எடுக்கமாட்டம்,” என்றார் சல்லிக் கிராமத்து மீனவர் சங்கத் தலைவர் தவராசா. நான் நீட்டிய தாளை அவர் இன்னும் வாங்கவில்லை.

அந்தத் தாளோடுதான் வவுனியாவிலிருந்து வந்திருந்தேன். எல்லா நாடுகளும் அணுகுண்டை ஒழிக்கவேண்டும் என்று நான்கு மதத்தவரும் சேர்ந்து எழுதிய வேண்டுகோள். மாலை நான்கு மணிக்குத் திருகோணமலை நகரில் வாசிக்கப்போகிறார்கள். தலைவர் கையெழுத்து வைத்தால்தான் சல்லியில் மற்றவர்களும் வைப்பார்கள்.

காலை எட்டரைக்கு நகரில் ஓட்டோ பிடித்தேன். எண்ணூறு ரூபா. உப்புவெளி தாண்டியதும் சாரதி ரிஸ்வான் நானா கேட்டார்: “ஜப்பானுக்குப் பிறகு ஒருத்தரும் எறியேல்லயே. சும்மாதானே வச்சிருக்கிறாங்கள்?” சாம்பல்தீவுப் பாலம் வருவதற்குள் பதிலையும் அவரே சொன்னார்: “ஒரு உசிரை அநியாயமா எடுத்தா முழு மனிசரையும் கொன்ற மாதிரி எண்டு குர்ஆனில ஓதியிருக்கிறம். அப்ப, எடுப்பன் எண்டு காட்டிக்கொண்டு இருக்கிறதும் பிழைதானே.” இந்த மனிதரை மேடையில் ஏற்றியிருக்க வேண்டும்.

பத்து மணிக்குச் சல்லிக் கரையில் தோணிகள் ஏறியிருந்தன. வேறு யாரோ வெடி போட்டுப் பிடித்த பாரை மீன் ஒன்றைத் தவராசா தூக்கி வளைத்தார். துணிபோல மடிந்தது, உள்ளே முள் நொறுங்கியிருந்தது.

“வெடி ஆள் பாக்காது ஐயா. குஞ்சு, முட்டை எல்லாத்தையும் முடிச்சுப்போடும். இந்த மீன் வித்த காசை அம்மன் உண்டியலுக்கு வித்தவனும்கூடப் போடமாட்டான்.”

“இதைத்தான் அண்ணை நாங்களும் எழுதியிருக்கிறம். உங்களளவுக்கு வடிவா வரேல்ல.”

வலையில் சிக்கெடுத்துக்கொண்டிருந்த அவர் மனைவி புஸ்பம் தலை நிமிராமல் சொன்னார்: “எங்கட அலுமாரிக்கு மேல என்ன இருக்கெண்டு தலைவரிட்ட ஒருக்காக் கேளுங்கோ.”

தவராசா மீனைக் கீழே வைத்தார். “மூண்டு வெடிக்குச்சி. போடுறதுக்கில்ல. வேற ஊர்த் தோணியள் எங்கட வலைக்குக் கிட்ட வந்தா, எங்களிட்டயும் இருக்கெண்டு பயப்படட்டும் எண்டு.”

“நாலு வருசமா அதுக்குக் கீழதான் பிள்ளையள் படுக்குதுகள்,” என்றார் புஸ்பம்.

வல்லரசுகள் சொல்லும் நியாயம் முழுவதும் அந்த அலுமாரிக்கு மேல் இருந்தது.

“அதை வச்சுக்கொண்டு இதில கையெழுத்து வைக்க ஏலாது,” என்றார் தவராசா. “குடுக்கப்போனா பொலிஸ் என்னைத்தான் முதல் பிடிக்கும். சங்கத்திலயும் இருக்க விடாங்கள்.” மீன் பிடித்த கையை மணலில் துடைத்தார். “நாலு மணிக்குத்தானே ஐயா வாசிக்கிறது?”

வீட்டுக்கு நடந்தார். பிள்ளைகளை வெளியே வரச் சொன்னார். கைபேசியில் பொலிசை அழைத்துத் தன் பெயரையும் ஊரையும் அலுமாரியையும் நிதானமாகச் சொன்னார். பிறகு தாளையும் என் பேனையையும் வாங்கி, பேனையைக் காதில் செருகிக்கொண்டு, பொலிஸ் வந்து குச்சிகளை எடுக்கும்வரை வாசலில் ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்தார்.