யாரை எதிர்க்கும் சக்தி

காளான் கம்பெனியில் அவளுக்குப் பெயர் மிளகாய். நேருக்கு நேர் யாரும் சொல்ல மாட்டார்கள். சொன்னால் என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். பதினான்கு வருடமாக மரத்தூளை நனைத்துப் பையில் அடைத்து, ஆவியில் அவித்து, ஆறவைத்து, காளான் விதை போடுகிறவள். ஒரு பையில் பச்சைப் பூசணம் பிடித்திருந்தால் கதவைத் திறக்கும்போதே மோப்பத்தில் கண்டுபிடித்துவிடுவாள். எவரோ கை கழுவாமல் வேலை செய்திருக்கிறார் என்று அர்த்தம். அன்றைக்கு முழுக்க அந்த ஆளுக்கு அர்ச்சனைதான்.

ஆனால் தன் காளானைப் பற்றி அவளுக்குக் கர்வம் உண்டு. பரிசோதனைக் கூடத்திலிருந்து ஒரு முறை வந்த ஓர் அம்மா விளக்கியதை அப்படியே பிடித்துக்கொண்டாள். காளானில் ஒரு வகை நார்ச்சத்து இருக்கிறதாம்; நம் வயிற்றுக்கு அது செரிக்காது. முழுசாகப் பெருங்குடலுக்குப் போய், அங்கே குடியிருக்கும் கோடானுகோடி நுண்ணுயிர்களுக்குத் தீனியாகிறது. குடல் சுவரை ஒட்டிக் காவல் நிற்கும் நோய் எதிர்ப்பு அணுக்களையும் தட்டி எழுப்புகிறது. எவ்வளவு எழுப்பும், யாருக்கு நல்லது, யாருக்கு ஆகாது என்பதெல்லாம் இன்னும் ஆராய்ச்சியில் இருக்கிறது என்றும் அந்த அம்மா சொன்னார். இந்தக் கடைசிச் சேதியை மட்டும் மிளகாய் யாரிடமும் சொன்னதில்லை. தங்கையிடம்கூட.

அந்தத் தங்கைக்குத்தான் இரண்டு வருடத்துக்கு முன்னால் தன் சிறுநீரகம் ஒன்றைக் கொடுத்தாள். அன்றிலிருந்து தங்கை காலையும் மாலையும் மாத்திரை விழுங்குகிறாள். உடம்பின் எதிர்ப்பு சக்தியை அடக்கி வைக்கிற மாத்திரை. அடக்காவிட்டால், வந்து சேர்ந்த சிறுநீரகத்தை எதிரியென்று நினைத்து உடம்பே தாக்கும்.

போன மாதம் தங்கையின் ரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின் ஏறியிருந்தது. சிறுநீரகம் திணறுகிறது என்று அர்த்தம். "புதுசா ஏதாவது சாப்பிடறீங்களா?" என்று டாக்டர் கேட்டார். தங்கை இல்லையென்று தலையாட்டினாள். அக்காவின் முகத்தைப் பார்க்காமல் ஆட்டினாள்.

அது போதாதா? தங்கை வீட்டுக்குப் போனதும் மிளகாய் சமையலறை அலமாரியைக் குடைந்தாள். சர்க்கரை டப்பாவுக்குப் பின்னால் மூன்று டப்பா காளான் பொடி, இரண்டு காலி. எல்லாம் அவள் கம்பெனிச் சரக்கு. முகப்பில் கொட்டை எழுத்தில்: எதிர்ப்பு சக்தியைப் பெருக்கும்!

"என்னடி இது?"

"பொடிக்கா. மருந்து இல்லையே, அதான் டாக்டர்கிட்ட சொல்லல. நீதானே இதைப் பத்தி ஓயாம பேசுவ? சக்தி வந்தா நீ குடுத்ததை நல்லபடியா பாத்துக்கலாம்னு..."

"அறிவிருக்கா உனக்கு? அந்தச் சக்தியை அடக்கத்தானேடி மாத்திரை முழுங்கற? ஒரு கையால அடக்கி, இன்னொரு கையால உசுப்பேத்துவியா?"

அவள் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. கோபத்தில் பாதி தங்கை மேல். மீதி தன் ஓட்டை வாய் மேல். பெருமை பேசத் தெரிந்த வாய்க்கு எச்சரிக்கை சொல்லத் தெரியவில்லையே என்று தன்னையே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

டாக்டர் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுதான் காரணம்னு அடிச்சுச் சொல்ல முடியாது. இல்லைன்னும் சொல்ல முடியாது. ஆனா உறுப்பு மாத்தினவங்க எங்களைக் கேக்காம இதையெல்லாம் தொடவே கூடாது."

மறுநாள் காலையிலேயே முதலாளி அறைக்குள் நுழைந்தாள்.

"டப்பாவுல ஒரு வரி போடுங்க சார். உறுப்பு மாத்தினவங்க டாக்டரைக் கேக்காம சாப்பிடக் கூடாதுன்னு."

அவர் சிரித்தார். "அப்படி எத்தனை பேரும்மா இருக்காங்க? சக்தின்னு எழுதின டப்பாவுலயே கூடாதுன்னும் எழுதினா எவன் தொடுவான்?"

"தொடக் கூடாதவங்க தொட வேண்டாம்னுதானே சார் சொல்றேன்! ஒரு பையில பூசணம் பிடிச்சா சுத்தியிருக்கற இருபது பையையும் தூக்கி எறியச் சொல்றீங்க. மனுஷனுக்காக ஒரு வரி எழுதக் கை வலிக்குதா?"

"போய் வேலையைப் பாரும்மா."

"அந்த வரி வரட்டும், வேலையைப் பாக்கறேன்" என்று கையுறையைக் கழற்றி அவர் மேஜையில் போட்டுவிட்டு வெளியே வந்தாள். மூன்று வாரமாகியும் கம்பெனியிலிருந்து யாரும் கூப்பிடவில்லை. அவளும் போகவில்லை.

பொடியை நிறுத்தி, மருந்தை மாற்றி, மறுபடி ரத்தம் எடுத்துப் பார்த்ததில் கிரியேட்டினின் இறங்கியிருந்தது. ஆனால் பழைய அளவுக்கு வரவில்லை. கெட்டது கெட்டதுதான், இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்றார் டாக்டர். ஆஸ்பத்திரி வராந்தாவில் தங்கை மெதுவாகக் கேட்டாள்.

"அக்கா, எனக்குச் சக்தி கூடினா அது உள்ள யாரைத்தான் அடிக்கும்?"

"என்னைத்தான்."

"நீ என் கூடப் பொறந்தவ. உன்னைப் போய் எப்படிக்கா அடிக்கும்?"

"கூடப் பொறந்தவன்னு உனக்குத் தெரியும்டி. உன் உடம்புக்குத் தெரியாது. அதுக்கு நான் வெளியாள். சாகற வரைக்கும் வெளியாள்தான்."