அட்டை எண்ணெய் பத்திநாதன்

"பூண்டுலோயா மலையில என் காலைக் கடிக்கிற அட்டை இனிமேத்தான் பொறக்கணும்!"

1957ஆம் ஆண்டு பங்குனிச் சம்பள நாளன்று, இலங்கைத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் ஆபீசு வாசலில் ஒரு மரப்பெட்டியின் மேல் ஏறி நின்று பத்திநாதன் இப்படி முழங்கினார். அட்டைகள் தரப்பிலிருந்து மறுப்பு எதுவும் வரவில்லை. வெயில் காலம், அவை மண்ணுக்குள் இருந்தன.

உடப்புசல்லாவைப் பக்கம் ஒரு தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்து, அட்டன் நகரத்து ஜவுளிக்கடையில் துணி அளந்து கிழித்துப் பிழைத்து, நாற்பது வயதில் சோலைமலை முதலாளியின் 'வீரவேல் அட்டை எண்ணெய்'க்குக் குரலாக உயர்ந்தவர் அவர். ஞாயிறு தவறாமல் மாதா கோயில் பூசைக்குப் போகிறவர் வீரவேலைக் கூவி விற்பதில் அவருக்கோ வேலுக்கோ மனத்தாங்கல் இருந்ததாகத் தெரியவில்லை.

எண்ணெயின் மேல் பழி சொல்லக்கூடாது. பச்சைச் சாயமும் காரநெடியும் சேர்ந்த அந்தத் தேங்காயெண்ணெயைத் தடவிய காலில் எந்த அட்டையை விட்டாலும் சுருண்டு விழுந்தது. ஒரே ஒரு குறை, மழை பட்டால் வழிந்து போய்விடும். மழை இல்லாத நாளில் அட்டை வெளியே வருவதில்லை. ஆகவே, தேவைப்படாத நாளெல்லாம் அது கைகண்ட மருந்து.

வேலைக்குச் சேர்ந்த அன்றே பத்திநாதன் இதைக் கேட்டிருந்தார்.

"மழையப் பத்திக் கேட்டா என்னங்க மொதலாளி சொல்றது?"

"கேட்டாத்தானய்யா சொல்லணும்?"

அந்தச் சம்பள நாளிலும் யாரும் கேட்கவில்லை. பத்திநாதன் அட்டைகளை அடைத்துக் கொண்டுவந்திருந்த போத்தலிலிருந்து ஒன்றைக் குச்சியால் எடுத்து, எண்ணெய் மினுங்கும் தன் காலில் விட்டார். அது விழுந்தது. கொழுந்து பறிக்கும் பெண்களில் வாய் சும்மா இராத அம்மாக்கண்ணு கேட்டாள்:

"அண்ணே, அது பட்டினி அட்டையா? இல்ல, உங்க வீட்டுல சாப்பிட்டுட்டு வந்துச்சா?"

"ஒன் கால்ல விட்டுப் பாக்கவா தங்கச்சி?"

கூட்டம் சிரித்தது. சிரித்த கூட்டம் வாங்கும் என்பது தொழில் இரகசியம். "துணி துவைக்கிற சவுக்காரமும் சுண்ணாம்பும் காலை வெடிக்க வச்சிரும். வீரவேல் பட்டாக்கும்" என்று அவர் சேர்த்துச் சொன்னபோது, கொழுந்து பறிக்கிற ராக்காயி தன் வெடித்த கால்களைக் குனிந்து பார்த்துவிட்டு ஒரு போத்தல் வாங்கினாள். அட்டை அண்டாதிருக்க முழங்கால் வரை சவுக்காரமும் சுண்ணாம்பும் அப்பிக்கொண்டு மலைக்குப் போகிற பழக்கத்தை அன்றோடு விட்டாள்.

ஆடி மழையில் பத்திநாதன் மறுபடி வந்தார். காற்சட்டையைத் தடித்த காலுறைக்குள் திணித்து, அதன்மேல் உப்பும் தேய்த்திருந்தார். வீரவேலின் மீது அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

ராக்காயி லயத்து வாசலில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு கால்களிலும் துணிக்கட்டு. கட்டை மீறிச் சீழ் கசிந்திருந்தது. அட்டை கடித்த வாய்களெல்லாம் புண்ணாகியிருந்தன. ஈரம் பட்டால் காலையே எடுக்க வேண்டிவரும் என்று தோட்டத்து டாக்டரய்யா சொல்லிவிட்டாராம்.

"ஒங்க எண்ணெயில குத்தமில்லீங்கண்ணே" என்றாள் அவள். "நாந்தான் சரியாத் தேய்க்கல போல. வேலைக்குப் போகாட்டி அடுப்பெரியாது, நாளைக்கு மலைக்கு எறங்கியே ஆகணும். இந்தவாட்டி பெரிய போத்தலாக் குடுங்க."

ஏசியிருந்தால் பத்திநாதன் சமாளித்திருப்பார். ஏச்சுக்கு அவரிடம் பதில் இருந்தது. பைக்குள் போன கை பெரிய போத்தலோடு வந்தது. ஆனால் அதை அவளிடம் நீட்டவில்லை. சப்பாத்தைக் கழற்றினார். காலுறையை உருவினார். காற்சட்டையைச் சுருட்டிவிட்டு, போத்தல் எண்ணெய் முழுவதையும் இரண்டு கால்களிலும் ஊற்றித் தேய்த்தார். லயத்துக்கு எதிரே, பெண்கள் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த தேயிலைக்குள் மழையோடு இறங்கி நின்றார்.

பச்சை எண்ணெய் வழிந்து புல்லில் இறங்கியது. கொஞ்ச நேரத்தில் முதல் அட்டை கணுக்காலில் ஏறியது. பிறகு எண்ண முடியவில்லை. அவர் ஒன்றையும் பிய்க்கவில்லை.

அம்மாக்கண்ணு பக்கத்தில் வந்து பார்த்தாள். அவளுக்கே கேலி வரவில்லை.

"போதும்ணே, ஏறி வாங்க."

"இருக்கட்டும் தங்கச்சி. எல்லாரும் பாக்கட்டும்."

முழங்கால் வரை இரத்தம் கோடு கோடாக இறங்கிய கால்களோடு வாசலுக்குத் திரும்பி, ராக்காயியின் முன்னால் நின்றார்.

"இது மழைக்கு நிக்காது தாயி. எனக்கு அன்னைக்கே தெரியும்" என்றார்.