கையெழுத்துப் பெட்டிக்கு ஒரு சாப்

கிட்டார் ஆம்ப் விற்கிற கடைக்கு யாரும் ஆம்ப் வாங்க வருவதில்லை. வேறொருவருடைய விரலை வாங்க வருகிறார்கள். மலேசியாவில், கோலசிலாங்கூரில் கடை வைத்திருக்கிறேன். கிட்டாரின் சத்தத்தைப் பெருக்குகிற ஆம்ப் பெட்டி விற்பேன், ரிப்பேர் பார்ப்பேன், விசேஷங்களுக்கு ஸ்பீக்கர் வாடகைக்கு விட்டு நானே போய்க் கட்டியும் கொடுப்பேன். துணிக்கடையோ போன் கடையோ வைத்து, 'படத்துல பாத்த மாதிரி இல்லையே' என்று தினமும் வாங்கிக் கட்டிக்கொள்ளும் சக பாவிகளே, இதை உங்களை நினைத்துத்தான் எழுதுகிறேன்.

முடிக்காரர் வந்து இறங்கினார்

உலகமே கொண்டாடும் ஒரு ராக் கிட்டாரிஸ்ட். பெயரைச் சொன்னால் 'அவரைவிட இவர் பெரியவர்' என்று ஆளாளுக்குச் சண்டைக்கு வருவீர்கள், அதனால் சொல்லவில்லை. அவருடைய ரெக்கார்டில் கேட்கிற அதே தொனி வர வேண்டும் என்று, அவரையே பக்கத்தில் உட்கார வைத்து ஒரு ஆம்ப் செய்திருக்கிறார்கள். முன்பலகையில் தங்க நிறத்தில் அவர் கையெழுத்து. கிட்டாரைச் சொருகினால் போதும், அவரே வந்துவிடுவார் என்பது விளம்பரம். நான் ஒன்று தருவித்தேன். அட்டைப்பெட்டிப் படத்தில் இடுப்பு வரை முடியோடு நின்றுகொண்டிருந்தார். அன்றிலிருந்து எங்கள் கடையில் அவர் பெயர் முடிக்காரர்.

கல்லாவில் உட்கார்ந்திருந்த என் மனைவி சரசு எழுந்து வந்தாள். அட்டையைச் சுற்றிச் சுற்றிப் படித்தாள். நான் குழந்தை மாதிரி பெட்டியைத் தடவிக்கொண்டு, இதில் வாசித்தால் யார் வாசித்தாலும் அவர் வாசித்த மாதிரியே கேட்கும் என்று விளக்கினேன். அவள் முடிக்காரரையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். "இவ்ளோ தூரம் கையெழுத்துப் போட்டு அனுப்புனவரு, முடிய வெட்டிக்கிட்டு நேர்ல வந்து வாசிச்சுட்டே போயிருக்கலாம்ல?"

பெரியவர் பரிசோதனை

பஜனைக்கு வாங்கிப் போன மைக்கைத் திருப்பிக் கொடுக்க ஒரு கோவில் தலைவர் வந்தார். அந்தக் காலத்தில் எஸ்டேட் ஆபீசில் கணக்கெழுதும் கிராணி வேலை பார்த்தவர். எந்தக் காகிதமும் அவர் கண்ணில் படாமல் மேஜையைத் தாண்டியது கிடையாது. முடிக்காரர் பெட்டி பளபளவென்று நின்றதும் அவர் கால் அங்கேயே நின்றுவிட்டது. என்ன இது என்று கேட்டார். நானும் சளைக்காமல் முழுக் கதையும் சொன்னேன். பெரிய ஆள், சொந்தக் கையெழுத்து, அசல் தொனி என்று அடுக்கினேன்.

அவர் சட்டைப் பையிலிருந்து மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். கையெழுத்தை மேலிருந்து கீழாகப் பார்த்தார். விரலால் ஒரு தடவு தடவினார். பக்கவாட்டில் குனிந்து பார்த்தார், பெட்டியின் பின்னால் போயும் எட்டிப் பார்த்தார். எதையோ தேடுகிறார் என்று மட்டும் புரிந்தது. கடைசியில் கண்ணாடியைக் கழற்றி, என்னைப் பரிதாபமாகப் பார்த்துச் சொன்னார். "கையெழுத்து இருக்கு தம்பி, சாப் எங்க? ரப்பர் சாப் குத்தாம எந்த ஆபீஸ்லயும் இது செல்லாது லா."

வாயைக் கொடுத்தது

பெட்டியை வாங்கியவன் பிரேம். ஈஜோக்கிலிருந்து வருகிறவன், ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. வார இறுதியில் மணியம் அண்ணன் பேண்டில் லீட் கிட்டார். முடிக்காரர் என்றால் அவனுக்கு உயிர். வாங்கும்போது ஒரே ஒரு கேள்விதான் கேட்டான், "அண்ணே, அந்த டோன் வருமா?" நானும் வாய் கூசாமல், "பெட்டிக்குள்ள இருக்குடா" என்றேன். நீங்களும் இதைத்தான் சொல்லியிருப்பீர்கள், மழுப்பாதீர்கள்.

அதற்கப்புறம் லீவு கிடைத்த போதெல்லாம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றான். வாசித்துக் காட்டுவான். புல் வெட்டுகிற மெஷின் மாதிரி ஒரு இரைச்சல் வரும். குனிந்து பார்த்தால், தொனியைக் கரகரப்பாக்குகிற கெய்ன் நாப்பைக் கடைசி வரை திருகியிருப்பான். கிட்டாரின் குரலை முன்னால் கொண்டுவருகிற மிடில் நாப் பூஜ்யத்தில் படுத்திருக்கும். "கெய்னைக் குறைடா, மிடில ஏத்துடா, மனுசன் அப்படித்தாண்டா வாசிக்கிறாரு" என்று தொண்டை வறளச் சொல்வேன். "வீடியோவுல வேற மாதிரி சொல்றாங்களே அண்ணே" என்பான். வீட்டில் தனியாக வாசிக்கும்போது அது கம்பீரமாகத்தான் இருக்கும். மேடையில் டிரம்ஸும் கீபோர்டும் சேர்ந்துவிட்டால், கிட்டார் எங்கே என்று டார்ச் அடித்துத் தேட வேண்டும்.

மணியம் அண்ணனுக்குப் பொறுமை போய்விட்டது. பேண்டுக்குத் தலைவரும் அவர்தான், கீபோர்டும் அவர்தான். ஜெராமில் ஒரு பெண்ணுக்கு இருபத்தோராம் பிறந்தநாள் விருந்து வந்தது. பெண்ணின் அப்பாவும் முடிக்காரரின் பக்தர். அவருடைய பாட்டு ஒன்றைக் கட்டாயம் வாசிக்கச் சொல்லியிருந்தார். அதில் கிட்டார் தனியாக வருகிற இடத்தில் பிரேம் மறுபடியும் சொதப்பினால், இனிமேல் அந்த மாதிரி இடங்களையெல்லாம் கீபோர்டிலேயே வாசித்துக்கொள்ளலாம், பேண்டுக்குக் கிட்டாரே வேண்டாம் என்று மணியம் அண்ணன் முடிவாகச் சொல்லிவிட்டார்.

இதைச் சொன்னபோது பிரேமின் முகம் சுண்டிப் போயிருந்தது. வாரம் பூராவும் மெஷினோடு நிற்கிறவனுக்கு இருக்கிற ஒரே சந்தோஷம் அந்த மேடைதான். அவன் நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை. தலையைக் குனிந்துகொண்டு மெதுவாகத்தான் கேட்டான். "பெட்டிக்குள்ள இருக்குன்னு நீங்கதானே அண்ணே சொன்னீங்க?"

பொட்டு வைக்கக் கூடாத இடம்

விருந்து நெருங்குகிற நேரம் பார்த்து, பெட்டிக்குள் பல்பு மாதிரி எரிகிற வால்வு ஒன்று போய்விட்டது. பிரேம் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனான். மாற்றி வைத்தேன். அதற்குள் ஆயுத பூஜை வந்துவிட்டது. கடையில் இருந்ததால் முடிக்காரரும் மற்ற சாமான்களோடு வரிசையில் உட்கார்ந்து பூஜையில் கலந்துகொண்டார்.

போன வருஷத்து ஆயுத பூஜையை நினைத்தால் எனக்கு இன்னும் தலை கிறுகிறுக்கும். சரசுவுக்குப் பக்தி தாராளம். சால்டரிங் அயர்னிலிருந்து கால்குலேட்டர் வரை சந்தனம் குங்குமம் வைத்தவள், ஒவ்வொரு ஆம்பிலும் ஒவ்வொரு நாப்பின் தலையிலும் பொட்டு வைத்துவிட்டாள். குங்குமம் உள்ளே இறங்கி, திருகினாலே ஸ்பீக்கரில் பொரிகடலை வறுபடுகிற சத்தம். ஒவ்வொன்றாகக் கழற்றிச் சுத்தம் செய்து முடிப்பதற்குள் உயிர் போய்விட்டது. நான் கத்திய கத்தலில் பக்கத்துக் கடைக்காரர் என்னவோ ஏதோ என்று ஓடிவந்தார்.

இந்த வருஷம் பூஜை முடிந்த மறுநாள் செகிஞ்சானில் ஒரு சீனர் வீட்டு விருந்துக்கு ஸ்பீக்கர் கட்டிக்கொண்டிருந்தேன். சரசு போனில் கூப்பிட்டாள். பிரேம் வந்து பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டானாம். எனக்குப் பகீர் என்றது. "நாப்புல பொட்டு கிட்டு வச்சியா?" என்றேன். அவ்வளவுதான், பொரிந்து தள்ளிவிட்டாள். "ஒரு நாப்புலகூட படல. பக்கத்துல பலகையில வச்சேன். எழுத்து மேல பட்டா அதுக்கும் கத்துவீங்கன்னு, எழுத்து இல்லாத எடமா பாத்துப் பாத்து வச்சிருக்கேன், போதுமா?"

மட்டன் இல்லாத விருந்து

புரட்டாசி மாதம் என்பதால் ஜெராம் மண்டபத்தில் சைவச் சாப்பாடு. இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும், மட்டன் போடாத விருந்தில் கூட்டத்தின் கோபம் முழுக்கப் பேண்டின் மேல்தான் திரும்பும். அன்றைக்கு ஸ்பீக்கர் என்னுடையது. மிக்சருக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு, நானே பரீட்சை எழுதுகிற மாதிரி வியர்த்துக்கொண்டிருந்தேன்.

மேடையில் முடிக்காரர் பெட்டி. ஒவ்வொரு நாப்புக்கும் பக்கத்தில் மஞ்சளும் சிவப்புமாக ஒரு பொட்டு. நாப் எந்த அளவில் நிற்கிறது என்று காட்ட அதன் மேல் ஒரு வெள்ளைக் கோடு உண்டு. பிரேம் குனிந்து, அந்தக் கோடுகளை ஒவ்வொன்றாகப் பொட்டுக்கு நேராகத் திருகிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். "மார்க் பண்ணி வச்சிட்டீங்களே, தேங்க்ஸ் அண்ணே! இத முன்னாடியே செஞ்சிருக்கலாம்ல?" என்று அங்கிருந்தே கத்தினான்.

ஐயோ, அடப்பாவி, அது பொட்டுடா என்று எழுந்தேன். அதற்குள் மணியம் அண்ணன் ஒன் டூ த்ரீ சொல்லிவிட்டார். பாட்டு ஓடியது. முடிந்தது கதை, இவன் பேண்டை விட்டுப் போகப்போகிறான், நம் வாக்கும் போகப்போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டேன். கிட்டார் தனியாக வருகிற இடம் வந்தது. டிரம்ஸுக்கும் கீபோர்டுக்கும் நடுவிலிருந்து அந்தத் தொனி, தெளிவாக, கனிவாக, அப்படியே மேலே ஏறி வந்தது. கண்ணைத் திறந்து பெட்டியை உற்றுப் பார்த்தேன். கெய்ன் நாப்புக்குப் பக்கத்தில் பொட்டு கீழே, குறைந்த அளவில் இருந்தது. மிடிலுக்கு மேலே, கூடின அளவில் இருந்தது. தொண்டை வறள நான் கத்தினேனே, அதே இடங்கள்.

அப்பளம் நொறுக்கிக்கொண்டிருந்த மேஜைகள் அமைதியாகிவிட்டன. பெண்ணின் அப்பா பாயசக் கப்போடு எழுந்து நின்றவர் உட்காரவே இல்லை. அப்பாடா என்று நான் நாற்காலியில் சாய்ந்தேன். கண் கலங்கிவிட்டது. பக்கத்திலிருந்தவரிடம் சாம்பார் காரம் என்று சொல்லிச் சமாளித்தேன். பாட்டு முடிந்து கைதட்டல் ஓய்ந்ததும், மணியம் அண்ணன் கீபோர்டிலிருந்து தலையைத் தூக்காமலே பிரேமிடம் சொன்னார். "அடுத்த மாசம் ரவாங்குல ஒரு கல்யாணம் இருக்கு. அந்தப் பெட்டியையும் தூக்கிட்டு வந்து சேரு."

யார் வைத்த மார்க்?

அடுத்த வாரம் பிரேம் கடைக்கு வந்தான். கையில் ஒரு பை நிறைய வாழைப்பழம், முகத்தில் கல்யாணக் களை. பொட்டுகள் அழியாமலிருக்க ஒவ்வொன்றின் மேலும் செலோடேப் ஒட்டியிருந்தான். ஆனால் காரில் ஏற்றும்போது உரசி, ட்ரெபல் நாப்புக்குப் பக்கத்திலிருந்த பொட்டு மட்டும் டேப்போடு போய்விட்டதாம். "எங்க வச்சீங்க அண்ணே? அதே எடத்துல மார்க் பண்ணிக் கொடுங்க" என்றான். நான் பேனா தேடுகிற மாதிரி மேஜையைத் துழாவினேன்.

சரசு விட்டால்தானே! "அவரு எங்கப்பா வச்சாரு? ஆயுத பூஜைக்கு நான் வச்ச பொட்டு அது" என்று போட்டு உடைத்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். பிரேம் அவளைப் பார்த்தான், பெட்டியைப் பார்த்தான். பையனுக்கு நம்பிக்கை போய், டோனும் போய்விடுமோ என்று நான் முந்திக்கொண்டேன். "டேய், நான் சொன்னதும் அதேதாண்டா! கெய்னைக் குறை, மிடில ஏத்துன்னு எத்தனை தடவை கத்தியிருப்பேன்" என்றேன்.

அவன் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. பெட்டியை என் பக்கத்திலிருந்து நகர்த்தி, பவ்யமாகச் சரசு முன்னால் கொண்டுபோய் வைத்தான். "அக்கா, நீங்களே இன்னொண்ணு வச்சிடுங்க. அண்ணன் கை வேணாம்."

கையெழுத்து என்னவோ முடிக்காரருடையதுதான், ஆனால் நம்ம வட்டாரத்தில் அது செல்ல வேண்டுமென்றால் என் வீட்டுக்காரி சாப் குத்தியாக வேண்டும் என்பதை ஒப்புக்கொண்டு, குங்குமச் சிமிழைச் சால்டரிங் அயர்னுக்குப் பக்கத்திலேயே நிரந்தரமாக வைத்துவிட்டேன்.