முடியாது என்று படித்தவன்

திருத்தங்கல் பக்கம் ஒரு பட்டாசு கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தேன். முதலாளி, அடுத்தவர் பேசும்போதெல்லாம் கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கழற்றி மாட்டுவார். சீசனில் ஆர்டர் போடும் ப்ரோக்ராம் முடியாமல் சுற்றிக்கொண்டே இருந்தது.

“எந்த ப்ரோக்ராம் ஓடி முடியும், எது சுத்திக்கிட்டே கெடக்கும்னு முன்னாடியே சொல்ற மாதிரி ஒண்ணு எழுதுங்க” என்றார்.

“எல்லா ப்ரோக்ராமுக்கும் அப்படிச் சொல்ற ஒண்ணை யாராலயும் எழுத முடியாதுங்க. கணக்குலயே நிரூபிச்சிருக்காங்க. எம்.எஸ்ஸியில அதைத்தான் படிச்சேன்.”

“முடியாதுன்னு படிக்கவா காலேஜுக்குப் போனீக? நிரூபிச்சவன் எங்கிட்ட வேலை பாத்திருந்தா முடிச்சிருப்பான்.”

ஆபீஸே சிரித்தது.

சாயங்காலம் பின்பக்கத் திடலில் புதுச் சரக்கைக் கொளுத்திப் பார்த்தார்கள்; ஆபீஸ் ஆட்களோடு நானும் வேடிக்கை பார்த்து நின்றேன். ஒரு வெடியின் திரி எரிந்து உள்ளே போனது, சத்தமே இல்லை. கொளுத்தியவர் எடுக்கக் குனிந்தார்.

“ஏலே, கிட்ட போகாத!” முதலாளி கத்தினார். “வெடிக்குமா, அணைஞ்சுபோச்சான்னு எவனுக்குலே தெரியும்?”

“எம்புட்டு நேரம் பொறுக்கணும் முதலாளி?”

“அதெல்லாம் சொல்ல முடியாதுலே. தண்ணிய ஊத்து.”

சொன்னவரின் விரல் கடிகாரத்தின் மேலேயே நின்றுவிட்டது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் சிரித்துவிட்டேன்.

“நாளையிலருந்து வராதீக” என்றார்.

ஒரு வெடியிடம் அவ்வளவு சுலபமாக ஒப்புக்கொண்டவருக்கு, என்னிடம் ஒப்புக்கொள்ள மட்டும் ஏன் அப்படிக் கசந்தது?