அவர் கடை ரத்தம்

எழுபதுகளின் கடைசியில் என் மனைவி பிரசவத்தில் பிழைத்து, அப்போது ஏற்றிய ரத்தத்தால் வந்த காமாலையில் செத்தாள். அந்த ரத்தத்தை விற்ற சிம்மக்கல் ரத்தக்கடைக்காரரிடம் போய், சோதித்துத்தான் கொடுத்தீர்களா என்று கேட்டேன்.

"எல்லாம் நல்ல ரத்தந்தாண்ணே. அவுக விதி" என்றார்.

சில வருடங்களில் லாரி மோதி அவரே ஆஸ்பத்திரியில் கிடந்தார். சாவதைப் பார்க்கத்தான் போனேன். அவர் மகன் கடையிலிருந்து ரத்தப் பாட்டிலை ஐஸில் வைத்துக் கொண்டுவந்தான்.

"நம்ம கடை ரத்தம் வேணாம்டா. காமாலைக்குச் சோதிச்சதா வாங்கிட்டு வா" என்று முனகினார்.

வராந்தாவில் ரத்தம் வாங்க அவர் கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர்களிடம் ஒருவர் விடாமல் அதைச் சொன்னேன். மதுரை முழுக்கப் பரவியது.

அவர் பிழைத்துக்கொண்டார். கடைக்குப் பூட்டு விழுந்துவிட்டது. மன்னித்துவிட்டேனா என்று கேட்கிறார்கள். சுற்றுவழிதான் என்றாலும், தினமும் அந்தப் பூட்டைப் பார்த்துவிட்டுத்தான் வேலைக்குப் போகிறேன்.