சித்தி வைத்த முதல் ட்ரே

எருமப்பட்டிப் பக்கத்தில் மழையைக் குறை சொல்கிற ஆளைப் பார்க்க முடியாது. வானம் கொஞ்சம் மூடினாலே சோளக்காட்டுக்காரர்களுக்கு முகம் மலர்ந்துவிடும். எங்கள் வீட்டில் மட்டும் அந்த ஐப்பசியில் மழை என்றாலே எல்லோரும் பயந்தார்கள். சாலையில் போகிறவர்கள் பெரியப்பாவைப் பார்த்து, "நல்ல மழைங்க" என்பார்கள். அவரும் "ஆமாங்க, ஆமாங்க" என்று சிரிப்பார். அவர்கள் தலை மறைந்ததும் திரும்பி டிரான்ஸ்பார்மரைப் பார்ப்பார்.

எங்களுடையது கோழிக்குஞ்சு பொரிக்கிற ஹேச்சரி. பெரியப்பா, அப்பா, சித்தப்பா மூன்று பேருக்கும் சேர்ந்த தொழில், ஒரே தோட்டத்தில் வீடும் அதுவும். முட்டைகளை ட்ரேயில் அடுக்கி, செட்டர் என்கிற பெரிய பீரோ போன்ற மிஷினுக்குள் மூன்று வாரம் சூடு மாறாமல் வைத்திருந்தால் குஞ்சு வரும். கரண்டு நின்று சூடும் காற்றும் கெட்டால் ஓட்டுக்குள்ளேயே செத்துவிடும். அதனால் எங்களுக்கென்றே தனியாக ஒரு டிரான்ஸ்பார்மர் கம்பி வேலிக்குள் நின்றது. அதன் பக்கம் போனால் காலை ஒடித்துவிடுவேன் என்று அப்பா சொல்லிவைத்திருந்தார்.

அந்த ஆவணியில்தான் சித்தப்பாவுக்குக் கல்யாணம் ஆனது. சித்திக்குத் திருச்செங்கோடு. அவள் அப்பா ஆழ்துளைக் கிணறு போடுகிற போர் லாரி வைத்திருந்தார். கல்யாணம் முடிந்து புரட்டாசி கடைசியில் ஹேச்சரிக்குப் புது செட்டர் ஒன்று வந்து இறங்கியது. எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் இருந்தது. புது மிஷினுக்குள் முதல் ட்ரேயை வீட்டுப் பெண்களில் ஒருத்திதான் வைக்க வேண்டும். அவள் கைராசிதான் அந்த மிஷினுக்கு ஆயுசு முழுக்க. பழைய மிஷின்கள் பெரியம்மா கையாலும் அம்மா கையாலும் ஆரம்பித்தவை. இது சித்தியின் முறை. சந்தனம் குங்குமம் வைத்த மிஷினுக்குள் அவள் ட்ரேயைத் தள்ளியபோது பட்டுப்புடவை முந்தானை கதவிடுக்கில் மாட்டிக்கொண்டது. எடுத்துவிட்டது நான்தான். ஒன்பது வயதில் அது பெரிய காரியம். பள்ளிக்கூடத்தில் காது கொடுத்தவர்களிடமெல்லாம் சொன்னேன்.

ஒரு வாரம் கழித்து, விளக்குப் பெட்டியின் மேல் முட்டையை வைத்து உள்ளே கரு பிடித்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். சித்தி அதற்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். முட்டைக்குள் சிவப்பு நரம்பு சிலந்தி வலை மாதிரி ஓடியது. "இதுல உசுரு இருக்குது பாரு சாமி" என்று ஒவ்வொன்றுக்கும் சொன்னாள். பெரியவர்கள் யாரும் இல்லாத இடத்தில் அவள் சத்தமாகப் பேசுவாள் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. எனக்கு அவளை ரொம்பப் பிடித்துப்போனது.

பிறகு மழை பிடித்தது. முதல் மழையிலேயே மிஷின்கள் எல்லாம் ஒன்றாக நின்றன. ஊரில் கரண்டு இருந்தது, எங்களுக்கு மட்டும் இல்லை. டிரான்ஸ்பார்மர் டிரிப் ஆகியிருந்தது. அதன் தலையில் ரிலே என்று ஒரு சின்னப் பெட்டி உண்டு. டிரான்ஸ்பார்மருக்குள் எண்ணெயில் ஏதாவது எரிந்து வாயு கிளம்பினால் அதற்குள் இருக்கும் மிதவை இறங்கி, இரண்டு முனைகள் ஒட்டி, உடனே கரண்டை வெட்டிவிடும். அது வெட்டினால் உள்ளே பெரிய கோளாறு என்று அர்த்தம். சோதிக்காமல் திரும்பப் போட்டால் வெடித்தாலும் வெடிக்கும் என்று பயமுறுத்தியிருந்தார்கள். ஆகவே சேலத்திலிருந்து பாய் வந்து பார்க்கும்வரை பழைய ஜெனரேட்டரை ஓட்டினார்கள்.

பாய் டிரான்ஸ்பார்மர் ரிப்பேரில் பேர் போனவர். மறுநாள் பளிச்சென்ற வெயிலில் வந்து எண்ணெயை எடுத்துப் பார்த்தார், மீட்டர் வைத்துப் பார்த்தார். "ஒரு கோளாறும் இல்லீங்க, தங்கமாட்டம் இருக்குது" என்று சொல்லிப் போட்டுவிட்டுப் போனார். அடுத்த மழையில் மறுபடி டிரிப் ஆகி விழுந்தது. மறுபடி வெயில், மறுபடி பாய், மறுபடி தங்கம். வேலியில் எலுமிச்சையும் மிளகாயும் கட்டினார்கள். பெரியப்பா பூசணிக்காய் சுற்றி உடைத்தார். டிரான்ஸ்பார்மர் அதையெல்லாம் கண்டுகொள்ளவில்லை.

மூன்றாம் முறை விழுந்தபோது ஜெனரேட்டர் சூடேறி நடுவில் நின்றுவிட்டது. ஆள் பிடித்துச் சரிசெய்வதற்குள் அரைநாள் போய்விட்டது. பழைய மிஷின்களில் இருந்த இளம் முட்டைகள் தாங்கிவிட்டன. செத்தது சித்தி வைத்த புது மிஷின் முட்டைகள். இன்றோ நாளையோ பொரிய வேண்டியவை. ஓட்டை உடைத்துப் பார்த்தபோது மூக்கால் கொத்தித் துளை போட்டிருந்த குஞ்சுகளும் இருந்தன. தோட்டத்து மூலையில் குழி வெட்டிச் சுண்ணாம்பு தூவி மூடினார்கள். பெரியப்பா குழி ஓரத்தில் நனைந்துகொண்டே நின்றார். நான் அழுதேன். சித்தி அழுததை நான் பார்க்கவில்லை.

அன்று சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது பெரியம்மா யாரையும் பார்க்காமல் சொன்னாள். "அவ கை பட்டதுல இருந்துதான் இப்படி. நாஞ்சொல்லி என்னாகப் போகுது."

சண்டையாகப் பேசியிருந்தால் யாராவது பதில் சொல்லியிருப்பார்கள். சோற்றில் உப்பு இல்லை என்று சொல்வது போலச் சொன்னதால் எல்லோரும் குனிந்து சாப்பிட்டார்கள். சித்தப்பாவும்தான். ரசம் ஊற்றிக்கொண்டிருந்த சித்தி எனக்கு ஊற்றாமலே அடுப்படிக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகு அவள் ஹேச்சரிப் பக்கம் போகவில்லை. போக வேண்டாம் என்று ஒருவரும் சொல்லவில்லை. அவள் ஹேச்சரி ஆட்களுக்கு எடுத்துப்போகிற டீ வாளியை மட்டும் வீட்டு வாசற்படியிலேயே அம்மா வாங்கிக்கொண்டு போனாள். வானம் இருட்டினால் சித்தி இரண்டு கையையும் முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டு ரூமுக்குள் உட்கார்ந்துகொள்வாள். குளிருகிறதா என்று கேட்டேன். ஆமாம் என்றாள்.

தீபாவளி வந்தது. அவர்களுக்குத் தலைதீபாவளி. மாப்பிள்ளையும் பெண்ணும் சேர்ந்து பெண் வீட்டுக்குப் போவதுதான் முறை. சித்தியை முன்னாலேயே கொண்டுபோய் விட்டுவிட்டு, ஹேச்சரியில் வேலை இருக்கிறது, பின்னால் வருகிறேன் என்று சித்தப்பா திரும்பிவிட்டார். தீபாவளியன்று அவர் எங்கள் வீட்டில்தான் எண்ணெய் தேய்த்துக் குளித்தார். எனக்குப் பட்டாசு வெடிக்க ஆள் கிடைத்த சந்தோஷம். சித்தி கிளம்பிய அன்று அவள் கல்யாணத்துக்குக் கொண்டுவந்த பெட்டிகளையெல்லாம் காரில் ஏற்றியிருந்தார்கள். தீபாவளிக்குப் போட நிறையப் புடவை வேண்டும்போல என்று நினைத்தேன்.

தீபாவளி கழிந்த வாரத்தில் பக்கத்துக் கோழிப்பண்ணையில் ஏதோ வேலையாக வந்த பாய், மழை பிடித்துக்கொண்டதால் எங்கள் வீட்டில் ஒதுங்கினார். டீ குடித்துக்கொண்டிருக்கும்போதே மிஷின்கள் நின்றன. அவர் டம்ளரை வைத்துவிட்டு, குடை பிடிக்கச் சொல்லி அப்பாவைக் கூட்டிக்கொண்டு ஓடினார். மெயினை இறக்கிவிட்டு, மழையிலேயே ஏணி போட்டு ஏறி ரிலே மூடியைத் திறந்தார். உள்ளே தண்ணீர் நின்றது. ஒயர் நுழைகிற வாயில் இருந்த ரப்பர் நம்மூர் வெயிலில் வெடித்துக் கிடந்திருக்கிறது. மழைத் தண்ணீர் ஒயரைப் பிடித்துக்கொண்டே உள்ளே இறங்கி, இரண்டு முனைகளையும் ஒட்டவைத்துக் கரண்டை வெட்டியிருக்கிறது. மறுநாள் வெயில் ஏறினால் பெட்டி சுட்டுக் காய்ந்துவிடும். மற்றபடி டிரான்ஸ்பார்மர் எப்போதும் நன்றாகத்தான் இருந்திருக்கிறது.

"மழையில விழுகறத மழையிலதானுங்க பாத்திருக்கோணும். நா வெயில்ல வெயில்ல வந்து பாத்துட்டுப் போயிருக்கேன்" என்று பாய் தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னார். புது ரப்பர் போட்டார். தண்ணீர் உள்ளே இறங்காதபடி ஒயரைக் கீழே வளைத்துக் கட்டினார். கரண்டைப் போட்டதும் மிஷின்கள் இரைந்தன, வெளியே மழை கொட்டிக்கொண்டே இருந்தது. பெரியப்பா பல நாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தார். "அவ போன நேரம், கண்டுபிடிக்கறதுக்கும் ஆளு வந்துட்டாங்க பாரு" என்றாள் பெரியம்மா. சித்தி போன பிறகும் ஒருமுறை விழுந்ததே என்று யாரும் கேட்கவில்லை. அவள் பேரையே ஒருவரும் எடுக்கவில்லை. மறந்துவிட்டார்கள் என்று நினைத்து, நானே அம்மாவின் செல்போனை எடுத்துச் சித்திக்குப் போட்டேன்.

"சித்தி, ரிலேக்குள்ள தண்ணி போயிருந்துச்சாமா. உங்க கையில ஒண்ணுமில்ல. பாய் ரப்பர் மாத்திட்டாரு. நீங்க வந்துருங்க."



"இதைய யாரு உன்னையச் சொல்லச் சொன்னாங்க சாமி?"

"யாருமில்லீங்க சித்தி, நானேதான்."

"சித்தப்பா இருக்காங்களா?"

செட்டர் ரூம் படியில் நின்று அவர் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். போனை நீட்டினேன். பெரியப்பா உட்கார்ந்திருந்த பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

"வேலையா இருக்காங்க சித்தி."

"செரி சாமி. நல்லாப் படி" என்று வைத்துவிட்டாள்.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டதும் பஸ் நிறுத்தத்தில் நின்று, நாமக்கல்லிலிருந்து வந்த பஸ்களில் இறங்குகிறவர்களை எல்லாம் பார்த்தேன். அதற்கு மறுநாளும் நின்றேன். பொங்கலுக்குப் பிறகு இரண்டு வீட்டுப் பெரியவர்களும் எங்கோ ஒரு கோயிலில் உட்கார்ந்து பேசி அந்தக் கல்யாணத்தை முறித்துக்கொண்டார்கள். போனில் நான் ரிலேயைப் பற்றி ஒழுங்காகச் சொல்லவில்லை, அவளுக்குப் புரிந்திருக்காது, அதனால்தான் வரவில்லை என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். தன் கையில் குற்றமில்லை என்று அவளுக்கு முன்பே தெரியும் என்பதும், அதை வாய்விட்டுச் சொல்ல அந்த வீட்டில் என்னைத் தவிர ஒருவரும் இல்லை என்பதைத்தான் என் போன் அவளுக்குத் தெரியப்படுத்தியது என்பதும் அந்த வயதில் எனக்குத் தெரியாது.