குதிரை ஏறாத மாப்பிள்ளை

"வெள்ளிச் சேணம் பூட்டி வந்த வேங்கையே... எங்க, சொல்லு பாப்போம்," என்றாள் உல்ஜான்.

கனிமெட் மாவைப் பிசைந்தபடியே "வெள்ளிச் சேணம்..." என்று ஆரம்பித்தாள். அதற்கு மேல் வார்த்தை வரவில்லை, சிரிப்புதான் வந்தது.

"இப்ப எதுக்குடி பல்லக் காட்டற?"

"பின்ன என்னக்கா? உங்க தம்பி ஜென்மத்துல சேணத்துல உக்காந்ததில்ல. அவருக்குப் போய் வெள்ளிச் சேணமாம், வேங்கையாம்!"

"அது பாட்டுடி. பாட்டுன்னா அப்படித்தான் இருக்கும். எங்க அப்பாவுக்கு அழுதப்ப ஆயிரம் ஆடு மேச்சவரேன்னு பாடினேன். இருந்தது நாப்பது. எந்த ஆடு வந்து கணக்குக் கேட்டுது?"

உல்ஜான் கனிமெட்டின் நாத்தனார், கணவர் சபிர்பெக்கின் அக்கா. எங்கள் மலையேரியின் தென்கரையில் எந்த வீட்டில் சாவு விழுந்தாலும், ஒப்பாரிக்கு அவளை அழைத்துப்போக முதல் கார் அவள் வாசலில்தான் வந்து நிற்கும். அவள் வந்து உட்கார்ந்து ஓர் அடி எடுத்துவிட்டால், செத்தவரோடு பத்து வருஷம் பேசாதவன்கூடத் தேம்பித் தேம்பி அழுவான். அப்படிப்பட்டவளுக்குச் சொந்தத் தம்பி மனைவியால் வந்தது தலைகுனிவு.

போன வருஷம் சபிர்பெக் இறந்தபோது, வழக்கப்படி கனிமெட்டைக் கம்பளிக் கூடாரத்துக்குள் சுவரைப் பார்த்து உட்கார வைத்தார்கள். கணவனைப் புகழ்ந்து ஒப்பாரி வைக்க வேண்டியது மனைவியின் வேலை. ஊரே வெளியே காதைத் தீட்டிக்கொண்டு நின்றது. கனிமெட் வாயைத் திறந்தாள், மூடினாள். ஒரு சத்தம் வரவில்லை, கண்ணில் ஒரு பொட்டு ஈரமில்லை. துக்கம் நெஞ்சில் கல்லாக உட்கார்ந்திருந்தது, அவ்வளவுதான். ஆனால் நெஞ்சுக்குள் இருப்பதை ஊர் எங்கே பார்க்கிறது? 'முப்பது வருஷம் கூட இருந்த மனுஷனுக்கு ஒரு துளி கண்ணீர் விடலையே மகராசி' என்று கடையிலும் பஸ்ஸிலும் பேசினார்கள்.

இப்போது வருஷத் திதி விருந்து வருகிறது. அன்று கடைசியாக ஒரு தடவை ஒப்பாரி. பிறகு பெண்கள் கூடி அவள் தலையிலிருந்து கறுப்பு முக்காட்டை எடுத்துவிட்டு வெள்ளை முக்காடு கட்டுவார்கள். அதோடு துக்கம் தீர்ந்தது. வெள்ளை கட்டிய பிறகு அழுதால் அது வீட்டுக்கு ஆகாது. ஆக, கனிமெட்டுக்கு மிச்சமிருப்பது ஒரே ஒரு வாய்ப்பு.

"இந்தத் தடவையாவது அழுதுடுடி," என்று உல்ஜான் குரலைத் தாழ்த்திக் கெஞ்சினாள். "நாலு பேர் பாக்க அழு. அப்பத்தான் ஊர் வாயை அடைக்க முடியும்."

"வரணும்ல அக்கா."

"வரும். வேங்கைன்னு சொல்லிப் பாரு, தானா வரும்."

இந்த விருந்துக்குத் தேதி வைப்பதிலேயே இரண்டு பேருக்கும் சண்டை. வெயில் இருக்கும்போதே, செப்டம்பர் ஆரம்பத்தில் முடித்துவிடலாம் என்றாள் உல்ஜான். கனிமெட் மாதக் கடைசிதான் என்று ஒற்றைக்காலில் நின்றாள். "குளிர்ல விருந்தாளிங்க பல்லு கிடுகிடுக்கணுமா? ஏண்டி அப்படி?" என்று கேட்டால், "அப்பத்தான் சரிப்படும்," என்பாள். காரணத்தை மகள் மீரிமிடம்கூடச் சொல்லவில்லை.

கனிமெட் குதிரைக்காரர் மகள். நடக்கப் பழகும் முன்பே குதிரை ஏறியவள். அவளுக்குப் பத்தொன்பது வயதான கோடையில், மலை மேய்ச்சலில் அவர்கள் கூடாரம் போட்டிருந்த இடத்துக்கு ஒருவன் முதுகில் பையும் கழுத்தில் பைனாகுலருமாக மூச்சு வாங்க ஏறி வந்தான். கீழே ஏரிக்கரை ஓய்வு விடுதியில் டென்னிஸ் சொல்லித்தர வந்திருக்கும் புது கோச்சாம், பருந்துக் கூடு பார்க்க வந்தானாம். மழை கறுத்துக்கொண்டு வந்தது. கனிமெட்டின் அப்பா மனசு கேட்காமல், "தம்பி, குதிரைய எடுத்துட்டுப் போ, அப்புறமா கொண்டு வந்து விடு," என்று கடிவாளத்தைக் கையில் கொடுத்தார்.

அவன் நன்றி சொல்லிக் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு, குதிரைக்கு முன்னால் நடக்க ஆரம்பித்தான். மழையில் நனைந்தபடி, மலை அடிவாரம் வரைக்கும் நடந்தே போனான். அடுத்த வாரம் அதே குதிரையை அதே மாதிரி நடத்திக் கொண்டுவந்து விட்டான்.

"இவன் குதிரைய மேய்க்கிறானா, குதிரை இவன மேய்க்குதா?" என்றார் அப்பா.

"ஏறினா விழுந்துடுவோமோன்னு பயம் ஐயா," என்றான் சபிர்பெக், கொஞ்சமும் கூசாமல்.

எங்கள் ஊரில் ஓர் ஆம்பளை இதை வாய்விட்டுச் சொல்வதைவிட ஏரியில் போய் விழுவான். கனிமெட் புல்லில் உருண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் கல்யாணமே நிச்சயமாகிவிட்டது. மாப்பிள்ளை குதிரையில் வர வேண்டும் என்று பெரியவர்கள் பிடிவாதம் பிடித்தார்கள். வந்தார், குதிரையைக் கையில் பிடித்துக்கொண்டு, நடந்து. அலங்காரம் எல்லாம் குதிரைக்கு, வியர்வை எல்லாம் மாப்பிள்ளைக்கு.

ஊரே அவரைக் கோச் என்று கூப்பிட்டதால் கனிமெட்டும் கோச் என்றே கூப்பிட்டாள். விடுதி மூடிப் போன பிறகும் அங்கிருந்த ஒற்றை டென்னிஸ் கோர்ட்டை அவர் விடவில்லை. நெட் கிழிந்தால் மீனவர்களிடம் பழைய வலை வாங்கிக் கட்டினார். கோர்ட்டைச் சுற்றி ஆரஞ்சு நிறப் பழம் காய்க்கும் முட்புதர் ஆளுயரத்துக்கு வளர்ந்திருந்தது. அதற்குள் போன பந்து போனதுதான். வெட்டிவிடலாம் என்று யார் அரிவாளோடு வந்தாலும் கோச் குறுக்கே நிற்பார்.

"உள்ள குருவி குடும்பம் நடத்துது. உனக்குப் பந்து வேணும்னா நேரா அடிக்கப் பழகு."

அதனாலேயோ என்னவோ, எங்கள் பிள்ளைகளைப் போல் கோட்டுக்குள் பந்தடிக்க அந்த மாகாணத்தில் ஆளில்லை. பனிக்காலத்தில் இலை உதிர்ந்ததும் புதர் முழுக்கப் பந்துகள் தெரியும். அதையெல்லாம் கனிமெட் வாளியில் பொறுக்கிக்கொண்டு வருவாள்.

"ஒரு நாளாவது வந்து ஆடேன் கனி," என்பார் அவர்.

"மாட்டுல பால் கறக்க நீங்க வாங்க, நான் வரேன்."

"மாடும் உதைக்குமே!"

அவருடைய பெரிய சட்டம் ஒன்றுண்டு. இலையுதிர் காலத்தில் நாரைக் கூட்டம் மலையைத் தாண்டித் தெற்கே போகும். தலைக்கு மேலே அந்தச் சத்தம் கேட்டதும் கோச் கத்துவார்: "ராக்கெட் கீழே, தலை மேலே!" எந்த ஆட்டமானாலும் நின்றுவிடும். பிள்ளைகள் கையில் இருப்பதைத் தரையில் வைத்துவிட்டு, கடைசி நாரை மறையும் வரை அண்ணாந்து பார்க்க வேண்டும். "அதுங்க வருஷத்துக்கு ஒரு தடவைதான் போகுது. பந்து எங்க போயிடும்?" என்பார்.

இந்தச் சட்டத்தால் ஒரு கோப்பையே போனது. கரகோல் நகரத்தில் மாகாண இறுதி ஆட்டம். எங்கள் தைலாக் இன்னும் ஒரு புள்ளி எடுத்தால் வெற்றி. எதிராளி சர்வீஸ் போடக் கையைத் தூக்குகிறான், வானத்தில் நாரைச் சத்தம். தைலாக் ராக்கெட்டைக் கீழே வைத்துவிட்டு அண்ணாந்துவிட்டான்! பந்து அவன் காதோரமாகப் போனது. அதன் பிறகு அவனுக்கு ஆட்டம் ஓடவே இல்லை. தோற்றுப்போய் அழுதுகொண்டே வந்தவனிடம் கோச் கேட்ட முதல் கேள்வி: "பாத்தியாடா, முன்னாடி போனது கிழநாரை, கவனிச்சியா?" அவர் ஆட்டத்தைப் பார்க்கவே இல்லை. அந்தத் தைலாக் இப்போது மினி பஸ் ஓட்டுகிறான், தலை நரைத்துவிட்டது. இன்றைக்கும் அந்தத் தோல்வியைத்தான் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறான்.

விருந்து நாள் வந்தது. விடியும் முன்பே எண்ணெய்ச் சட்டிகளில் போர்சோக் மாவுத் துண்டுகள் பொரிய ஆரம்பித்தன. ஆட்டுக்கறி அண்டாக்களில் கொதித்தது. கோச்சிடம் முப்பது வருஷமாக டென்னிஸ் படித்தவர்கள் எல்லாரும் வந்துவிட்டார்கள். தொப்பை போட்டவர்கள், வழுக்கை விழுந்தவர்கள், கைக்குழந்தையோடு வந்தவர்கள். தைலாக் தேநீர்க் கெண்டியோடு பந்தி பந்தியாக ஓடிக்கொண்டிருந்தான். திதி விருந்தென்றால் குதிரைப் பந்தயம் இல்லாமலா? கோச்சுக்குக் குதிரை ஆகாதென்றாலும் ஊருக்கு ஆகுமே. கனிமெட்டின் தம்பி ஒரு குதிரைக் குட்டியைப் பரிசாக அறிவித்திருந்தான்.

கூடாரத்துக்குள் கனிமெட் கறுப்பு முக்காட்டோடு சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். ஒரு பக்கம் உல்ஜான், மறுபக்கம் தலைநகர் பிஷ்கேக்கிலிருந்து வந்த மீரிம். வெளியே பேச்சு அடங்கியது.

"வெள்ளிச் சேணம் பூட்டி வந்த வேங்கையே..." என்று தொடங்கினாள் கனிமெட். குரல் தண்ணீர் போல ஓடியது. நெஞ்சு மட்டும் அசையவில்லை. "வெண்புரவி மேலிருந்த..."

நின்றுவிட்டாள். தான் யாரோ ஒரு குதிரைவீரனுக்கு அழுதுகொண்டிருக்கிறோம், தன் மனுஷன் வாசலிலேயே நிற்கிறார் என்று அவளுக்குத் தோன்றியது.

"பாடுடி," என்று தொடையில் கிள்ளினாள் உல்ஜான்.

கனிமெட் மூச்சை இழுத்துவிட்டாள்.

"கடிவாளம் கையில் பிடிச்சு
நடந்து வந்த மாப்பிள்ளையே – உன்
கல்யாணக் குதிரைகூடக்
களைக்காம வந்துதய்யா!"

வெளியே யாரோ களுக்கென்று சிரித்து, அதை இருமலாக்கினார்கள். உல்ஜானுக்கு முகம் வெளிறிவிட்டது. கனிமெட் நிறுத்தவில்லை.

"குருவிக்குக் காவல் வெச்சு
கோர்ட்டுக்கு வேலி வெச்சு – என்
வாளியெல்லாம் பந்தாக்கி
வாழ வெச்ச மகராசா!

மாடு கறக்கச் சொன்னா
மலையேறிப் போனவரே..."

இப்போது கூட்டம் அடக்க முயலவே இல்லை, வாய்விட்டுச் சிரித்தது. தைலாக் கெண்டியைக் கட்டிக்கொண்டு குலுங்கினான். மீரிம் முக்காட்டுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள், அவள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று சொல்ல முடியவில்லை.

"ஏடி பாவி, ஒப்பாரிடி இது!" என்றாள் உல்ஜான் பல்லைக் கடித்து. "அதுவும் அந்த அடியில தாளம் தப்புது."

"அப்ப நீங்க பாடுங்க."

உல்ஜானுக்கு எதைப் பொறுத்தாலும் தப்பான தாளத்தைப் பொறுக்க முடியாது. அவளுக்கே தெரியாமல் வாய் அடுத்த அடியை எடுத்துவிட்டது.

"அடுப்பில வெச்ச பாலப்
பொங்க விட்டுப் போட்டு – நீ
ஆந்தை பாக்கப் போனியே
அக்கா அடி வாங்கினேனே!"

அவ்வளவுதான். கூடாரத்தின் உள்ளும் வெளியும் வெடித்துச் சிரித்தன. நாத்தனாரும் தம்பி மனைவியும் மாறி மாறி அடி எடுத்தார்கள். பாதி ஊர் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தது. அங்கே இருந்தவர்களுக்கெல்லாம் கோச் இதோ புதர் பக்கம் நின்று குருவி பார்க்கிறார் என்றுதான் இருந்தது. கடைசி அடியைக் கனிமெட் தனியாகப் பாடினாள்.

"வானத்தைப் பாருன்னு
ஊருக்கெல்லாம் சொன்னவரே – நான்
வாசலைப் பாத்திருந்தேன்
வருஷமொண்ணு போச்சுதய்யா."

சிரிப்பு அப்படியே நின்றது. உள்ளே இருந்தவர்கள் எல்லாரும் அவள் கண்ணைப் பார்த்தார்கள். கண் காய்ந்துதான் இருந்தது. உல்ஜான் பெருமூச்சு விட்டாள். பெண்கள் எழுந்து கறுப்பு முக்காட்டை அவிழ்த்தார்கள், புது வெள்ளை முக்காட்டைக் கட்டினார்கள். காலம் முடிந்தது, இனி அழ முடியாது.

அதன் பிறகு எல்லாரும் பந்தயம் பார்க்கக் கோர்ட்டுக்குப் பக்கத்து மைதானத்துக்குப் போனார்கள். குதிரைகள் ஏரிக்கரையைச் சுற்றிக்கொண்டு திரும்பி வந்துகொண்டிருந்தன. மூன்று குதிரைகள் தலைக்குத் தலை சமமாக வந்தன. ஊர் தொண்டை கிழியக் கத்தியது. அந்தக் கத்தலுக்கு மேலே, மலைப்பக்கமிருந்து ஒரு சத்தம் வந்தது.

"ராக்கெட் கீழே, தலை மேலே!" என்று அலறினான் தைலாக்.

தேநீர்க் கெண்டி தரைக்குப் போனது. தட்டுகள், கிண்ணங்கள், தொப்பிகள் எல்லாம் தரைக்குப் போயின. ஒருவன் இடுப்பிலிருந்த பிள்ளையையே இறக்கி வைத்தான். எல்லைக் கோட்டில் கொடியோடு நின்ற நடுவரும் கோச்சிடம் படித்தவர்தான், கொடியைக் கீழே வைத்துவிட்டார். அவர்களைப் பார்த்து மற்றவர்களும் அண்ணாந்தார்கள். நாரைகள் வளைந்த வரிசையாக ஏரியின் மேல் கத்திக்கொண்டு போயின. மாதக் கடைசிதான் வேண்டும் என்று கனிமெட் அடம் பிடித்தது இதற்குத்தான். வரும் என்று நம்பித்தான் தேதி வைத்தாள், ஆனாலும் நாலு நாளாக மலைப்பக்கமே காதாக இருந்தாள்.

அவள் மட்டும் வானத்தைப் பார்க்கவில்லை. ஊரைப் பார்த்தாள். தொப்பையும் வழுக்கையுமாய் அத்தனை பேர் சின்னப் பிள்ளைகள் மாதிரி வாயைப் பிளந்து அண்ணாந்து நிற்பதைப் பார்த்தாள். அத்தனை தலைகளையும் தூக்கி வைத்தவர் அவர்தான். நெஞ்சில் இருந்த கல் நகர்ந்தது. ஒரு வருஷத்துக் கண்ணீரும் ஒன்றாக வந்தது. முக்காட்டு முனையை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள். அதில் பாதி சந்தோஷம். எவர் கண்ணும் அவள்மேல் இல்லை. குதிரைகள் எல்லைக் கோட்டைத் தாண்டியதையும் எவரும் பார்க்கவில்லை.

கடைசி நாரை மறைந்ததும் தலைகள் இறங்கின, சண்டை ஆரம்பித்தது.

"யாருடா ஜெயிச்சது?"

"நான்தான்!"

"நீயா? என் குதிரை மூக்கு முன்னாடி இருந்துது!"

"நடுவர் சொல்லட்டும்!"

"நான் நாரை பாத்துட்டிருந்தேன்," என்றார் நடுவர், தலையைச் சொறிந்துகொண்டு.

"செத்தும் பந்தயத்தக் கெடுத்துட்டான் பாரு என் தம்பி," என்று சிரித்தபடி திரும்பிய உல்ஜான், கனிமெட்டைப் பார்த்து நின்றாள். "கண்ணு ஏண்டி இப்படிச் சிவந்திருக்கு?"

"அடுப்புப் புகைக்கா."

அடுப்பு அந்தப் பக்கம் எங்கேயோ இருந்தது. வாழ்நாள் முழுக்கப் பிறர் அழுவதைப் பார்த்தே பிழைத்தவள் உல்ஜான். அவளுக்குத் தெரியாத அழுகை உண்டா? கிட்டே வந்து, வெள்ளை முக்காட்டின் நனைந்த முனையை ஊர் கண்ணில் படாமல் உள்பக்கமாக மடித்துச் செருகிவிட்டாள்.